முதல் சனிக்கிழமை: பிள்ளை காணாமல் போன வீட்டில் மற்ற நாட்களை நடத்துவது எப்படி

என் பெரியவன் 2014 ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் காணாமல் போனான். அப்போது அவனுக்கு 13 வயது. நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நெசவு ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த ரவிக்கை ஒன்றுக்கு மயில்கழுத்து நிற நூல் தீர்ந்துபோனது. "ஓடிப்போய் ரெண்டு கண்டு வாங்கிட்டு வாடா" என்று நான்தான் அனுப்பினேன். நூல் வாங்கியிருக்கிறான். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துதான் பையில் போட்டான் என்று கடைக்காரர் சொன்னார். சைக்கிள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூட்டியபடி நின்றது. சாவி அதில் இல்லை. இதுவரை எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

முதல் நாள் என்ன செய்வது என்பதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவல்துறை அவசர எண் 112-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ உடனே கூப்பிடுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. 18 வயதுக்குக் கீழே யார் காணாமல் போனாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் சொல்லிவிட்டது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை காட்டி அனுப்பக் கூடாது. எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. வழக்குப் பதியாமல், புகார் வாங்கியதற்கு மட்டும் தரும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "ரெண்டு நாள்ல வந்துருவான்மா, பரீட்சை பயமா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதத்தில் என்ன பரீட்சை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி. நாலாவது மாதம், மூன்றாவது வருஷம், எட்டாவது தீபாவளி. பிள்ளை வரவும் இல்லை, இல்லை என்ற செய்தியும் வரவில்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்பதைப் பற்றி.

தேட ஒரு நாள் வையுங்கள்

முதல் இரண்டு வருஷம் தினமும் தேடினேன். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை சென்ட்ரல், ஒருமுறை பெங்களூர். வாங்கிய துணிகளைத் தைக்காமல் திருப்பிக் கொடுத்தேன். சின்னவனுக்கு அப்போது 8 வயது, பாதி நாள் பக்கத்து வீட்டில்தான் சாப்பிட்டான். ஒருநாள் என் நாத்தனார் வந்து மூடிக் கிடந்த மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு, "மதினி, சரக்கெடுக்க மதுரைக்கு நாள் வச்சுத்தானே போறீங்க, இதுக்கும் ஒரு நாள் வைங்க" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாவது நாள் காலண்டரில் மாதத்தின் முதல் சனிக்கிழமையை வட்டம் போட்டேன்.

அன்று முதல் அதுதான் முறை. முதல் சனிக்கிழமை கடை கிடையாது. காலையில் நிலையத்துக்குப் போன் போட்டு, வழக்கு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன். சின்னவன் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா இணையதளத்தில் மீட்கப்பட்ட பிள்ளைகளின் விவரங்களைத் தேடிப் பார்ப்பான். அப்புறம் பேருந்து நிலையம், கிழிந்த நோட்டீஸ் இருந்தால் புதிது. சாயங்காலம் வீடு. மற்ற நாட்களில் ஞாபகம் வரத்தான் செய்யும், வந்தால் சனிக்கிழமைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஊசி டப்பாவில் போட்டு வைப்பேன். சில மாதம் பத்துச் சீட்டு இருக்கும், சில மாதம் ஒன்றுகூட இருக்காது. ஒன்றுகூட இல்லாத மாதத்தில் ஒரு பயம் வரும், மறந்துவிட்டோமோ என்று. அந்தப் பயத்தையும் சீட்டில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

நிஜமான தகவல் வந்தால் எந்தக் கிழமையானாலும் கிளம்பிவிட வேண்டியதுதான். நாள் வைப்பது தகவல் இல்லாத நாட்களுக்காக.

ரெக்சின் பை

ஒரு பை வையுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் (புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்), பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் நகல், பல்லும் மச்சமும் தெரிகிற படங்கள், கோர்ட்டில் கிடைத்த உத்தரவுகள். ஆதாரை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கோ ஒரு காப்பகத்தில் இருக்கும் பிள்ளைக்குப் புதிதாக ஆதார் எடுக்கப் போய், கைரேகை ஏற்கெனவே பதிவில் இருக்கிறது என்று கணினி மறுத்து, அதை வைத்தே பெற்றோரைக் கண்டுபிடித்த சம்பவங்கள் நாட்டில் பல நடந்திருக்கின்றன. அதனால் வழக்குக் கோப்பில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கோப்பில் மூன்று வருஷம் இல்லை.

பையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். தேதி, யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார். நான் அளவு நோட்டு எழுதும் அதே முறையில் கோடு போட்டு எழுதுகிறேன். இந்த வழக்கில் நான் ஒன்பது ஆய்வாளர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள், "என்னம்மா, வீட்ல ஏதும் சண்டையா?" என்றுதான் தொடங்குவார்கள். நான்காவது ஆய்வாளருக்குப் பிறகு ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதி நகல் எடுத்து வைத்தேன். வந்தவரிடம் அதை நீட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். அழுகையும் மிச்சம், அவருக்கு நேரமும் மிச்சம்.

கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நான்கு மாதத்தில் பிள்ளை கிடைக்கவில்லை என்றால் விசாரணை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும், அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். இது 2016-இல் வந்த இளைஞர் நீதி மாதிரி விதிகளில் இருக்கிறது. "மாத்தியாச்சா?" என்று எழுத்தில் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் அதே ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில்தான் அலுவலகம் இருக்கும். உங்கள் இருவரின் ரத்த மாதிரியையும் எடுத்து மரபணு ஒப்பீட்டுக்கு வைக்கச் சொல்லுங்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வழக்கை முடிக்கப் போவதாகக் கடிதம் வந்தால் அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். நீதிமன்றத்தில் எதிர்ப்பு மனு போடலாம், மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நாங்களும் போட்டோம். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட முடியாததால், தேடுதலைத் தொடரச் சொல்லி முடித்துவிட்டார்கள். வீண் என்று சொல்ல மாட்டேன், அந்த உத்தரவைக் காட்டியபின்தான் நிலையத்தில் நாற்காலி போட்டார்கள்.

அடையாளம் காட்டக் கூப்பிட்டால்

இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2014 அக்டோபரில் பக்கத்து மாவட்டத்திலிருந்து போன் வந்தது. கண்மாயில் ஒரு பையன், அதே வயது, நீலக் கட்டம் போட்ட சட்டை. பெரியவன் போட்டுப் போனதும் நீலக் கட்டம்தான், நான் தைத்தது. என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்க மறுத்துவிட்டார். நான் போனேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அங்கிருந்த பெண் காவலர் சொன்னார், அவர் நன்றாக இருக்க வேண்டும். "சட்டையை மட்டும் காட்டுங்க, உள்பக்கம் திருப்பி" என்று கேட்டேன். பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துத் திருப்பிக் காட்டினார்கள். ஓரம் ஓவர்லாக் போட்டிருந்தது. எனக்கு அப்போது ஓவர்லாக் மெஷின் கிடையாது, ஓரத்தை மடித்து இரண்டு தையல் போடுவேன். என் தையல் இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளை. திரும்பி வரும்போது வழியில் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டோம். ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம். அந்தப் பசியை நினைத்து வருஷக்கணக்கில் கூசியிருக்கிறேன். இப்போது கூசுவதில்லை.

அதனால் சொல்கிறேன்: தனியாகப் போகாதீர்கள். பெற்றவர் இல்லாமல் சித்தப்பாவோ மாமாவோ முதலில் பார்க்கட்டும். உடலுக்கு முன்னால் படம், துணி, செருப்பு, தழும்பு என்று கேளுங்கள். முகம் பார்த்து முடிவு செய்ய முடியாத நிலையில் இருந்தால் மரபணுச் சோதனை வரும்வரை ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். போய் வந்த மறுநாள் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன் எண், நோட்டீஸ், மோசடி

நோட்டீசில் எல்லா அடையாளத்தையும் போடாதீர்கள். ஒன்றை மறைத்து வையுங்கள், உங்களுக்கும் விசாரணை அதிகாரிக்கும் மட்டும் தெரியட்டும். "உங்க பையன் எங்ககிட்ட இருக்கான், 20,000 அனுப்புங்க" என்று கூப்பிடுபவனிடம் அதைக் கேட்டால் போதும். எனக்கு அப்படி ஐந்து பேர் கூப்பிட்டார்கள். முதல் ஆளுக்குப் பணம் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரருக்கே இதைப் படித்தால்தான் தெரியும். சன்மானத் தொகையை அச்சடிக்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். கம்பெனி மாற்றினாலும் எண்ணை மாற்றாமல் மாறிக்கொள்ளலாம். ரீசார்ஜ் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நியூயார்க்கில் 1979 மே 25 அன்று பள்ளிப் பேருந்துக்கு நடந்து போன ஈட்டன் பாட்ஸ் என்ற 6 வயதுப் பையன் காணாமல் போனான். அவனுடைய பெற்றோர் பல பத்து வருஷம் அதே வீடு, அதே போன் எண் என்று இருந்தார்கள். மே 25-ஐக் காணாமல் போன குழந்தைகள் தினம் என்று வைத்தது அவனை முன்னிட்டுத்தான். அந்த எண்ணை அவர்கள் ஏன் மாற்றவில்லை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறி கேட்பது பற்றி. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தவரிடமே மூன்று முறை போனேன். வடக்கே, தண்ணீருக்குப் பக்கத்தில் என்றார். எங்கள் ஊருக்கு வடக்கே கண்மாய்க்கா பஞ்சம்? போவதென்றால் இத்தனை ரூபாய்க்கு மேல் இல்லை என்று வீட்டில் முடிவு பண்ணிவிட்டுப் போங்கள். பரிகாரம் என்று நகையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உறவுக்காரர் வாய்

"எத்தனை பிள்ளைங்க?" என்ற கேள்விக்கு இரண்டு பதில் தயாராக வைத்திருங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, "ரெண்டு பையன்." தொடர்ந்து பழகப் போகிறவருக்கு, "ரெண்டு பையன். மூத்தவன் 2014-ல காணாமப் போனான், தேடிட்டிருக்கோம்." இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான். ஒருமுறை வாய் தவறி 'ஒண்ணு' என்று சொல்லிவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை, அதன் பிறகுதான் பதிலை மனப்பாடம் பண்ணினேன்.

"திதி கொடுத்துரு, ஆத்மா அலையும்" என்று என் மாமியாரின் தங்கை ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் சொல்வார். என் வீட்டுக்காரருக்கு மனது பாதி அந்தப் பக்கம். எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. இரண்டு வருஷம் இதிலேயே சண்டை. கடைசியில், அவர் ராமேஸ்வரம் போய் அவருடைய அப்பா தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு வரலாம், பெரியவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பேசி முடித்தோம். போகிறார், வருகிறார். அங்கே என்ன சொல்கிறார் என்று நான் கேட்பதில்லை.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒன்று கட்டாயம் நடக்கும். ஒருவர் நம்பும் நாளில் மற்றவர் நம்பிக்கை விட்டிருப்பார். அன்றைக்கு விவாதம் பண்ணாதீர்கள், அடுத்த மாதம் இடம் மாறிவிடும். "நீதானே நூலுக்கு அனுப்புன" என்று அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதன் பிறகு மயில்கழுத்து நிறத் துணி வந்தால் நான்கு வருஷம் பக்கத்துத் தெருத் தையல்காரிக்கு அனுப்பிவிட்டேன்.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று அரசு மனநல ஆலோசகர் ஒருவர் சொன்னார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வியட்நாம் போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களோடு வேலை செய்து 1970-களிலேயே பேசியது: தெளிவில்லாத இழப்பு. நமக்குப் புத்தி கலங்கவில்லை, நாம் மாட்டிக்கொண்ட நிலைமையே அப்படி. இருக்கிறான், இல்லை என்று இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்கலாம், எதையும் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. தூக்கம் போனால், சாக வேண்டும் போலத் தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். நான் கூப்பிட்டிருக்கிறேன், விடியற்காலை மூன்று மணிக்கு.

சின்னவன்

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதற்குத்தான் முதலில் பாருங்கள். கடைக்கு அனுப்பாமல், சைக்கிள் தொடவிடாமல், ஐந்து நிமிஷம் தாமதித்தால் தெருவே கூடும்படி அலறி, நான் அவனைப் படுத்தியது கொஞ்சமல்ல.

தீபாவளிக்குப் பெரியவனுக்கும் ஒரு சட்டை தைப்பேன். அளவு நோட்டில் இருப்பது சோல்டர் 14, மார்பு 30, உயரம் 25, கை 8. நான்கு வருஷம் அதே அளவில் தைத்துப் பீரோவில் அடுக்கினேன். ஐந்தாவது தீபாவளி, 2018, சின்னவனுக்கு 12 வயது. நான் கடையில் இருந்தபோது அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "அம்மா, எனக்கு இது கரெக்டா இருக்கு" என்றான். பயந்துகொண்டே சொன்னான். கை மட்டும் அரை அங்குலம் நீளம். கழற்றச் சொல்ல வாய் வரை வந்தது. "இங்க வா" என்று கூப்பிட்டு, போட்டபடியே நிற்கவைத்துக் கையை மடித்து ஊசி குத்தினேன். அன்றைக்கு அவன் போட்டுக்கொண்டு வெடி வெடித்தது அந்தச் சட்டையைத்தான். அடுத்த வருஷத்திலிருந்து பெரியவனுக்குத் தைப்பதை நிறுத்திவிட்டேன். போன அன்றைக்குத் துவைக்காமல் கிடந்த அவனுடைய பனியன் ஒன்று மட்டும் தனிக் கவரில் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை.

இப்போது அவன் எப்படி இருப்பான் என்று நோட்டீசில் போட ஓவியர் தேடி அலைய வேண்டாம், அப்பாவின் 25 வயதுப் படத்தையும் தம்பியின் இப்போதைய படத்தையும் பழைய படத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது போதும்.

ஏழு வருஷம்

ஏழு வருஷம் ஆனால் இறந்ததாக அர்த்தம் என்று யாராவது சொல்வார்கள். தானாக அப்படி எதுவும் ஆகாது. ஏழு வருஷமாகத் தகவல் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அப்படிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 111. சொத்து, காப்பீடு என்று தேவை இருப்பவர்கள் நீதிமன்றம் போய் அறிவிப்பு வாங்கலாம், தேவை இல்லாதவர்கள் விட்டுவிடலாம். இலங்கையில் மகனையும் மகளையும் பறிகொடுத்த தாய்மார்கள் 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே 2016-இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அவர்கள் கதை வேறு, ராணுவத்திடம் கையில் பிடித்து ஒப்படைத்த பிள்ளைகளும் அதில் உண்டு. காகிதம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்பதுதான் அவர்களில் பலரின் பதில். இங்கே அப்படி ஒரு சான்றிதழ்கூட இல்லை.

ரேஷன் கடையில் எல்லோரும் விரல்ரேகை வைக்க வேண்டும் என்று வந்தபோது அவன் பெயரை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். அரிசி அட்டையில் பெயர் எடுப்பதும் பிள்ளையை எடுப்பதும் ஒன்றில்லை என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. பெயர் இருந்த பழைய அட்டையின் நகல் பையில் இருக்கிறது.

வீடு மாறினால்

2021-இல் வீடு மாறினோம். மாறுவதற்குப் பயந்தே பல வருஷம் ஒழுகும் வீட்டில் இருந்தோம். மாறுவதென்றால் பழைய தெருவில் மூன்று வீட்டிலாவது புது முகவரியை எழுதிக் கொடுங்கள், நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பழைய வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்டு, வாசல் சுவரில் போன் எண்ணைப் பெயின்டில் எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை, பெயர்கூட இல்லை, பத்து இலக்கம் மட்டும். குடிவந்தவர்கள் முதலில் பிளம்பர் நம்பர் என்று நினைத்தார்களாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அது மறைந்துபோகும். அந்த வீட்டுச் சொந்தக்காரர் போன் பண்ணுவார்: "காஞ்சிருச்சு தாயி, வந்து எழுதிக்கோ." போன பொங்கலுக்குச் சின்னவனும் வந்தான். முதல் மூன்று இலக்கத்தை நான் எழுதியபின் பிரஷ்ஷை அவன் வாங்கிக்கொண்டான். என்னைவிட அவன் எழுத்து பெரிது. தெருமுனை டீக்கடையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.